கொஞ்சம் குளிருது

லவுஸ்டிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். கொஞ்சம்.

மேற்கு யூட்லாண்டில் இது பெரிய அதிசயமில்லை. எங்கள் பக்கம் புயலில் கொட்டகைக் கூரை பறந்துபோய் அடுத்தவர் வயலில் கிடந்தாலும் "கொஞ்சம் காத்து" என்றுதான் சொல்வோம். உருளைக்கிழங்கு வைக்க இடமில்லாமல் விளைந்தால் "மோசமில்ல" என்போம். தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, இந்த ஜனங்களுக்கு உணர்ச்சியே கிடையாது போலிருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு போவார்கள். போகட்டும். சொல்லில் கஞ்சத்தனம் எங்கள் பிறவிக்குணம். கேட்கிறவர்தான் மேலே போட்டுக் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும். ஆனால் இத்தனை கஞ்சர்களுக்கு நடுவிலும் லவுஸ்ட் நோர்கோர் ஒரு மகா கஞ்சன்.

அவர் மனைவி டாக்னிக்கு இந்தக் கணக்கு கல்யாணமான நாளிலிருந்து தெரியும். ஒரு நாள் அதைப் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஹோல்ஸ்டெப்ரோ சாலை கண்ணாடியாக உறைந்திருந்த ஒரு காலையில், அவர்களுடைய ஒரே மகன் எஸ்பென் ஓட்டிப்போன வேன் சறுக்கி மரத்தில் மோதியது. அடக்கம் முடிந்து, சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பாதிரியார் லவுஸ்டின் தோளைத் தொட்டு, "ரொம்ப வலிக்குது, இல்ல?" என்று கேட்டார். லவுஸ்ட் கோப்பையைப் பார்த்துக்கொண்டே "கொஞ்சம்" என்றார். வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏணியைப் போட்டு ஏறி, கூரையோரத்து மழைநீர்த் தகரத்தைச் சரிசெய்தார்.

பெற்ற பிள்ளைக்குக் கொஞ்சமா? டாக்னிக்கு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சரி, கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், இனிமேல் நீ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் தீர்த்துவிட்டாள். எஸ்பென் பிறந்ததிலிருந்து, பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் போல, அவர் அவளை அம்மா என்றும் அவள் அவரை அப்பா என்றும்தான் கூப்பிட்டு வந்தார்கள். அவன் போனபின் அந்த இரண்டு சொல்லும் தாமாகவே நின்றுபோயின. லவுஸ்ட், டாக்னி. ஏதோ பொதுக்கூட்டத்தில் அறிமுகமானவர்கள் போல. அவன் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

முதலில் டாக்னி அழுதாள், அடுப்படியில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. பிறகு அதுவும் வற்றிவிட்டது. எல்லாம் மரத்துப்போயிற்று. ஏப்ரலில் வானம்பாடி கத்துவது காதில் விழும், உள்ளே இறங்காது. ரை ரொட்டியும் அதன்மேல் தடவுகிற ஈரல் பூச்சும் வாயில் போகும், ருசி தெரியாது. அதில் ஒரு வசதியும் இருந்தது என்பதை மறைப்பானேன். மரத்துப்போன இடத்தை யார் மிதித்தாலும் வலிக்காது.

இந்த வசந்தத்தில் லவுஸ்டின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டுக்கொண்டார், பிறகு இன்னொன்று. டாக்னி அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். "பசி எப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "கொஞ்சம் குறைவு" என்றார். பெருங்குடலில் ஒரு முஷ்டி அளவுக்குக் கட்டி. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர்களைப் பார்த்தவர் மயக்க மருந்து டாக்டர் மெரெட்டே. இந்தப் பக்கத்துப் பெண்தான், ஆனால் எப்படியோ பேசக் கற்றுக்கொண்டவர்.

"உங்களை முழுசா மயக்கிடுவோம், அது எப்படியும் உண்டு," என்றார். "அதோட முதுகுல, தண்டுவடத்துக்குப் பக்கத்துல ஒரு மெல்லிசான குழாயைச் சொருகி, நெஞ்சுக்குக் கீழ மரத்துப்போக வைக்கலாமா, இல்ல மயக்கம் மட்டும் போதுமா? அதைத்தான் இப்ப முடிவு பண்ணணும்."

"எது உங்களுக்குச் சுலபம்?" என்று கேட்டார் லவுஸ்ட்.

"எனக்குச் சுலபம் காப்பி குடிக்கப் போறது. உங்க உடம்பைப் பத்திப் பேசுவோம்."

டாக்னி கேட்டாள். "தூங்கிட்டா எப்படியும் வலி தெரியாதே டாக்டர். அப்புறம் எதுக்கு மரத்துப்போகணும்?"

"தூங்கறது வேற, மரத்துப்போறது வேற. மயக்கத்துல தூங்கறது மூளை மட்டும்தான். கத்தி பட்டது உடம்புக்குத் தெரியும். சேதி நரம்பு வழியா மேல போயிடும். ஆபத்து வந்துடுச்சுன்னு உடம்பு பதறி, இருக்கிற சர்க்கரையெல்லாம் ரத்தத்துல கொட்டும். அந்த நேரம் இன்சுலின் சொன்னாலும் கேக்காது. அது போதலேன்னா சதையைக் கரைச்சு எரிக்கும். விறகு தீர்ந்துபோனவன் நாற்காலியை உடைச்சு அடுப்புல போடற மாதிரின்னு வைங்களேன். தையல் போட்டு முடிச்ச பிறகும் அது நாள்கணக்கா நடக்கும்."

"முதுகுல போட்டா?"

"சேதி மேல போறது குறையும். முழுசா நின்னுடாது. ஆனா உடம்பு அவ்வளவு பதறாது, சதையைத் தின்னாது." மெரெட்டே லவுஸ்டின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். விரல் சுற்றி வந்து ஒட்டியது. "உங்ககிட்ட உடைக்கிறதுக்கு நாற்காலி அதிகம் மிச்சமில்ல, லவுஸ்ட்."

"ரெண்டு முக்காலி இருக்கும்," என்றார் லவுஸ்ட்.

மெரெட்டே சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இன்னும் சதை போச்சுன்னா நீங்க சொந்தக் கால்ல எழுந்து வீட்டுக்குப் போகமாட்டீங்க. முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவாங்க. வெளிப்படையாச் சொல்லிட்டேன்."

"முதுகுல போடுங்க," என்றாள் டாக்னி. லவுஸ்ட் தோளைக் குலுக்கினார். அவரைப் பொறுத்தவரை அது ஒப்புதல்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. அன்று மத்தியானம் லவுஸ்டை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மெரெட்டே வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வால்டெமார் என்ற இளம் டாக்டர் ஒரு காகிதக் கோப்பையில் ஐஸ் துண்டுகளோடு வந்தான். கோபன்ஹேகன் பையன், இங்கே வந்து நாலைந்து மாசம் இருக்கும். தங்கமான பையன் என்று டாக்னி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். அதில் பொய்யில்லை. முதுகில் போட்ட மருந்து வேலை செய்தால் வயிற்றில் ஐஸின் குளிர் தெரியக்கூடாது, அவ்வளவுதான் சோதனை. அவன் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்தான்.

"இங்க குளிருதா?"

"கொஞ்சம்."

"இங்க?"

"கொஞ்சம் குளிருது."

"வலி? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

லவுஸ்ட் யோசித்தார். "ரெண்டு."

"பிரமாதம்!" என்றான் வால்டெமார். குளிர் மங்கலாகத்தான் தெரிகிறது, ஆகவே மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது. அவன் ஊர்க் கணக்கில் அது சரிதான். "வலி அதிகமானா இந்தப் பொத்தானை அமுக்குங்க. கூடுதலா மருந்து இறங்கும். சங்கோஜப்படாதீங்க."

"சரி," என்றார் லவுஸ்ட். கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். பொத்தான் போர்வைக்கு வெளியே கிடந்தது.

டாக்னி ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஐஸ் பட்டபோது போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால் கட்டைவிரல் சுருண்டதைப் பார்த்தாள். அது எப்படிப்பட்ட கொஞ்சம் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். ஆனால் அந்தச் சொல், அதே சொல், காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ கதவைச் சாத்திக்கொண்டது. கொஞ்சம் என்றால் கொஞ்சம். அவரே சொல்கிறார், நான் யார் திருத்துவதற்கு? வாயை மூடிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றாள். நன்றாகத் தூங்கினாள், அதுதான் அவமானம்.

மறுநாள் காலை அவள் வந்தபோது லவுஸ்ட் தலையணையில் சாய்ந்து பலகை மாதிரிக் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. மூச்சை மேலாக, சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டிருந்தார். காப்பி தொடாமல் ஆறிப்போயிருந்தது. பொத்தான் நேற்றுக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. எழுந்து நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு "அப்புறம்" என்றாராம்.

நர்ஸ் அவர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவியைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தினாள்.

"இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா?"

"கிடையாது," என்றாள் டாக்னி.

"நேத்து ஆறு இருந்துச்சு, எங்க அளவுல அது சரி. இன்னைக்குப் பதிமூணு, ரெண்டு மடங்குக்கு மேல."

வால்டெமார் வந்தான், அவனுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்த டாக்டர் வந்தார். இரண்டு பேரும் படுக்கையின் கால்பக்கம் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு லவுஸ்ட் சாப்பிடுகிற மாத்திரை நாடியை ஏறவிடாது, அதனால் நாடி ஒன்றும் சொல்லவில்லை. வலியும் இல்லை என்கிறார். பிறகு சர்க்கரை ஏன் ஏற வேண்டும்? உள்ளே குடலை இணைத்த இடத்தில் கசிகிறதோ? ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். தேவைப்பட்டால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

மறுபடி என்ற சொல் டாக்னிக்குக் கேட்டது. படுக்கையில் கிடந்த உருவத்தைப் பார்த்தாள். கன்னத்தில் குழி. போர்வையின் கீழ் கால்கள் இரண்டு குச்சிகள். இதை இன்னொரு தடவை வெட்டினால் எரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மெரெட்டே கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். சர்க்கரை எண்ணைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். குனிந்து, "லவுஸ்ட், வலிக்குதா?" என்றார்.

"கொஞ்சம்."

மெரெட்டே நிமிர்ந்து டாக்னியின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுல கொஞ்சம்னா எவ்வளவு?"

டாக்னி லவுஸ்டைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அந்த வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

"இவருக்கு வலிக்குது," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "உயிர் போற மாதிரி வலிக்குது. நேத்தே ஐஸ் வச்சப்ப கால்விரல் சுருண்டுச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு வாயைத் திறக்கல."

"டாக்னி, சும்மா இரு," என்றார் லவுஸ்ட்.

"மூணு வருஷமா சும்மாதானே இருக்கேன்!"

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. வால்டெமாரின் முகம் காதுவரை சிவந்தது. "ஆனா அவர் வலிக்கு ரெண்டுன்னுதானே மார்க் கொடுத்தார்..."

"எங்க அப்பா கால் எலும்பு முறிஞ்சு வந்தப்ப மூணு கொடுத்தார்," என்றார் மெரெட்டே. "வா, இவரைத் திருப்பிப் பிடி."

லவுஸ்டைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஊறித் தொங்கியது. குழாய் வெளியே நழுவி வந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டையில் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

"நேத்திலிருந்து உங்க சட்டைதான் சுகமா மரத்துப்போய்க் கிடக்கு, லவுஸ்ட்," என்றார் மெரெட்டே. பிறகு ஆபரேஷன் செய்த டாக்டரிடம், "முதல்ல குழாயை மறுபடி போடறேன். மத்தியானத்துக்குள்ள சர்க்கரை இறங்கலேன்னா ஸ்கேன் எடுங்க," என்றார்.

லவுஸ்டைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள். முன்னாலிருந்து யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் ஒரு தோளைப் பிடிக்க, மறு தோளை மெரெட்டே டாக்னியிடம் ஒப்படைத்தார். லவுஸ்டின் நெற்றி டாக்னியின் கழுத்தோரம் வந்து சாய்ந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் வந்ததில்லை.

அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே தெரியாத, உள்ளுக்குள்ளேயே ஓடுகிற நடுக்கம். கை வைத்தால்தான் தெரியும். கனமே இல்லை. டாக்னிக்குச் சர்ச்சுக் கூடத்தில் அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஏணிமேல் நின்ற அந்த முதுகும் ஞாபகம் வந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாம் மரத்துப்போய்விட்டது, என்னைவிட முன்னாலேயே மரத்துப்போய்விட்டது என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாள். மரத்துப்போகவில்லை. அசையாமல் கிடந்திருக்கிறார், அவ்வளவுதான். தூங்கறது வேற, மரத்துப்போறது வேற என்று டாக்டர் சொன்னாரே. சேதி அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்பு இத்தனை காலமும் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பெல்ட்டில் முதல் துளை விழுந்தது எப்போது என்று யோசித்தாள். இந்த வசந்தத்திலா, அந்த முதல் குளிர்காலத்திலா? அவளுக்குத் தெரியவில்லை. பார்க்காமலே இருந்திருக்கிறாள். கோபன்ஹேகன் பையன் செய்த தப்பைத்தான் அவளும் செய்தாள். அவனாவது வெளியூர்க்காரன்.

"ஆச்சு," என்றார் மெரெட்டே முதுகுப்பக்கமிருந்து. "படுக்க வைங்க."

மருந்து பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லவுஸ்டின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மூச்சு வயிறுவரை இறங்கியது. நர்ஸ் மறுபடி விரலில் குத்தினபோது பதினொன்று என்றாள், அப்புறம் வந்து ஒன்பது என்றாள். ஆபரேஷன் செய்த டாக்டர் எட்டிப் பார்த்து, ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்னிக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. நாற்காலியைத் தேடினாள், ஆனால் உட்காரவில்லை.

வால்டெமார் புதுக் கோப்பையில் ஐஸோடு வந்தான். இந்தத் தடவை முதலில் தோளில் வைத்தான். "இங்க எப்படிக் குளிருதோ, அதே மாதிரி வயித்துலயும் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க." வயிற்றில் வைத்தான். டாக்னி கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"ஒண்ணும் தெரியல," என்றார் லவுஸ்ட்.

"வலி?"

லவுஸ்ட் மேலே கூரையைப் பார்த்தார்.

"வலிக்குது," என்றார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை டாக்னி அதுவரை கேட்டதில்லை. வால்டெமார் பதறிப்போய் மருந்து பம்பைப் பார்த்தான், முதுகைத் தடவிப் பார்த்தான், ஐஸை எடுத்தான். "எங்க? இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"அங்க ஒண்ணுமே இல்ல தம்பி. கட்டை மாதிரி இருக்கு." கண்களை மூடிக்கொண்டார். "அம்மா," என்றார்.

வால்டெமார் நர்ஸின் பக்கம் குனிந்து, "குழம்பிட்டார் போலிருக்கு. அவங்க அம்மாவைக் கூப்பிடறார்," என்றான்.

"என்னைத்தான் கூப்பிடறார்," என்றாள் டாக்னி.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் எல்லாம் ஊசி குத்தின சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"எஸ்பெனா?"

அவர் தலையை ஆட்டினார். கண்ணோரத்திலிருந்து வழிந்தது நேராகக் காதுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"கொஞ்சம்," என்றார்.

டாக்னி இந்தத் தடவை கணக்கைப் போட்டாள். போட்டு முடிப்பதற்குள், உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி நெஞ்சுக்குள் குத்த ஆரம்பித்தது. முதலில் ஓரிடத்தில், அப்புறம் எங்கும், தாங்க முடியாமல்.

"எனக்கும் கொஞ்சம், அப்பா," என்றாள்.